கைனேஸ் மரபணுவில் பிறழ்வு என்றால் கைனேஸ் தடுப்பு மருந்து போதுமா?

போதாது. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் மரபணுவின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிறழ்வு அந்த நொதியை ஓயாமல் ஓட வைக்கிறதா, முடக்கிவிட்டதா? அது தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேச முடியாது.

கைனேஸின் வேலை செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யின் கடைசி பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களின் செரின், திரியோனின், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் மீது ஒட்டுவது. பாஸ்படேஸ் என்ற நொதி அதைக் கழற்றும். 2002-இல் எண்ணியபோது மனிதரிடம் 518 கைனேஸ் மரபணுக்கள் இருந்தன. எல்லாமே புற்றைத் தூண்டுபவை என்று நினைப்பது தவறு. பி.டி.கே. என்ற கைனேஸ் பழுதானால், எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் முதிராது, எதிர்ப்பொருள் ஏறக்குறைய இருக்காது. அங்கே தேவை இம்யூனோகுளோபுலின் ஊசி. எஸ்.டி.கே.11 என்ற கைனேஸ் போனால், குடலில் கட்டிகள் முளைத்துப் புற்று அபாயம் ஏறும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய். இல்லாததைத் தடுத்து என்ன பயன்?

பி-ராஃப் என்ற கைனேஸின் வி600இ பிறழ்வு நேர் எதிர். 600-ஆவது வேலின் குளுட்டாமிக் அமிலமாகிவிட்டால், மேலிருந்து கட்டளையிடும் ராஸ் புரதம் சொல்லாமலே அது அடுத்த கைனேஸான மெக்கையும் அதன் வழியே செல்லைப் பெருகச் சொல்லும் எர்க்கையும் முடுக்கிக்கொண்டே இருக்கும். வெமுராஃபெனிப் என்ற பி-ராஃப் தடுப்பு மருந்து இதை அடக்கும். ஆனால் பி-ராஃப் ஒழுங்காக இருந்து ராஸ் பிறழ்ந்த செல்லில் அதே மருந்து எர்க்கை ஏற்றிவிடும்: ராஃப் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேரும்போது ஒன்றில் மருந்து உட்கார, மற்றது முடுக்கப்படுகிறது. மருந்து எடுத்த சிலருக்குத் தோலில் செதிள்செல் புற்று வந்தது இதனால்தான். மெக் தடுப்பானைச் சேர்த்துக் கொடுத்தால் இது குறைகிறது.

“பி-ராஃபின் டி594 பிறழ்வில் நொதியே செத்துவிடும், ஆனாலும் எர்க் ஏறுமே” என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஏறும்தான், சி-ராஃப் என்ற உறவுக் கைனேஸைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு. அதனால்தான் எந்த அமினோ அமிலம் எதுவாக மாறியது என்று பாருங்கள் என்கிறேன். மாதிரி கட்டியிலிருந்தா, இரத்தத்திலிருந்தா என்பதும் வேண்டும். பிறவிப் பிறழ்வென்றால் குடும்பத்தையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். “பொருள் உறுதியில்லாத மாற்றம்” என்று போட்டிருந்தால் அதை வைத்து மருந்து தேடாதீர்கள்.

கேட்ட மருந்தும் ஒருநாள் கேட்காமல் போகலாம். இரத்தப் புற்றில் முடுக்கப்படும் ஏபிஎல் கைனேஸில் 315-ஆவது திரியோனின் ஐசோலூசினானால் இமாடினிப் மருந்து உட்காராது, பொனாடினிப் உட்காரும். ஆகவே பழைய அறிக்கையை நம்பாமல் மரபணுவை மறுபடி வரிசையிட வேண்டும்.

இதே தளத்தில் பாஸ்போ-எர்க் (பாஸ்பேட் ஏறிய எர்க்) வெஸ்டர்ன் பிளாட் படத்தை, அதாவது புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனைப் படத்தை மட்டும் போட்டு “மருந்து வேலை செய்கிறது” என்பவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல். ஒப்பிட மொத்த எர்க் எங்கே? எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் பால்பொடியில் பிளாக் செய்தால் அதிலுள்ள கேசீனே பாஸ்போபுரதம், பின்னணி கறுத்துவிடும், 5% பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தப் புரதம்) போடுங்கள். செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்படேஸைத் தடுக்க 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட், சோடியம் ஃப்ளோரைடு இரண்டும் இருக்கட்டும், குழாய் பனிக்கட்டியிலேயே இருக்கட்டும். இல்லையேல் பாஸ்படேஸ் தின்றுவிட்டதைத்தான் மருந்தின் பலன் என்று படிப்பீர்கள்.