தடையுத்தரவு வாங்கியும் விற்பனை நிற்கவில்லையா?

கேள்வி: பொள்ளாச்சியில் தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் தயாரிக்கிறேன், காப்புரிமை உண்டு. அதைக் காப்பியடித்த கம்பெனி மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினேன். அவர்கள் கோர்ட்டுக்கே வருவதில்லை, விற்பனையையும் நிறுத்தவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், உத்தரவு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமலே கொடுத்த தடை என்றால், மனுவையும் ஆவண நகல்களையும் உடனே அவர்களுக்கு அனுப்பி, அனுப்பியதாகக் கோர்ட்டில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்திருக்க வேண்டும். இதில் ஓட்டை இருந்தால், "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று தப்பித்துவிடுவார்கள்.

அது சரியாக இருந்தால், தடையை மீறியதற்காக உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39 விதி 2ஏ-யின் கீழ் மனு போடுங்கள். சொத்தை ஜப்தி செய்யலாம், 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். இரண்டையும் சேர்த்தே விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொல்லிவிட்டது. ஜப்தி செய்து ஓராண்டு ஆகியும் மீறல் நீடித்தால், அந்தச் சொத்தை விற்று உங்களுக்கு இழப்பீடும் தரலாம். இன்னொரு வழி, அவமதிப்பு மனு: 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை உண்டு, கம்பெனிப் பொறுப்பில் இருப்பவர்களும் சிக்குவார்கள். ஆனால் அபராதம் 2,000 ரூபாய்தான். அதனால் நான் விதி 2ஏ-யைத்தான் முதலில் சொல்வேன்.

வேண்டுமென்றே மீறினார்கள் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். காப்புரிமை வழக்கில் இது இன்னும் கஷ்டம். பிளேடின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, "இது வேறு மாடல்" என்பார்கள். அதனால் தெரிந்தவர் மூலம் ஒரு இயந்திரத்தை வாங்கிவிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் தடைக்குப் பிந்தைய தேதி இருக்கட்டும், சீரியல் எண் தகட்டைப் போட்டோ எடுங்கள். உங்கள் காப்புரிமைக் கோரிக்கையின் (எதற்கெல்லாம் பாதுகாப்பு என்று காப்புரிமையில் எழுதியிருக்கும் பகுதி) ஒவ்வொரு அம்சத்தோடும் அதை ஒப்பிட்டு ஒரு பொறியாளர் பிரமாணப் பத்திரம் தரட்டும். இணையதள ஸ்கிரீன்ஷாட் என்றால், பாரதிய சாக்ஷ்ய சட்டம் பிரிவு 63-இன் கீழ் சான்றிதழும் வேண்டும். உண்மையிலேயே மாடல் மாறியிருந்தால் அவமதிப்பு மனு தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்போது புது மாடலுக்கும் சேர்த்துத் தடை கேட்டுத் தனி மனு போடுவதே மேல்.

அப்புறம், வழக்கறிஞர் ஆணையரை (நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் அனுப்பும் வக்கீல்) நியமித்துச் சரக்கையும் கணக்குப் புத்தகங்களையும் பட்டியலெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டைத் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்தால், போலீஸ் பாதுகாப்பையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். இறுதித் தீர்ப்பில் காப்புரிமைச் சட்டம் பிரிவு 108-இன்படி இழப்பீடு அல்லது அவர்களின் லாபக் கணக்கு, இரண்டில் ஒன்றைப் பெறலாம். போலிச் சரக்கைப் பறிமுதல் செய்து அழிக்கவும் உத்தரவு வாங்கலாம்.

அவர்கள் கோர்ட்டுக்கு வராதது உங்களுக்குச் சாதகம்தான். வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் எதிர்வாதுரை (வழக்குக்கு எழுத்துமூலப் பதில்) தாக்கல் செய்யாவிட்டால், அதற்கான உரிமையே போய்விடும். அதன்பின் உங்கள் சாட்சியத்தை வைத்தே தீர்ப்புக் கேட்கலாம்.

அவமதிப்பு மனு போடுவதாக இருந்தால், மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். அந்த பில் தேதியை வக்கீலிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.