பிரேக் மிதி துடித்தால் காலை எடுக்காதீர்கள்

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு, 2019-ஆம் ஆண்டு தயாரான கார் ஒன்றைப் பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் வாங்கினேன். போன வாரம் மழையில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மிதி காலுக்கடியில் கடகடவென்று துடித்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். கார் தடுப்புச் சுவரை உரசி நின்றது. மெக்கானிக், ‘ஏ.பி.எஸ். கோளாறு’ என்று சொல்லி ஒரு பியூசைப் பிடுங்கிவிட்டார். இப்போது துடிப்பு இல்லை. ஆனால் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒன்றும் சிவப்பாக ஒன்றுமாக இரண்டு விளக்குகள் அணையாமல் எரிகின்றன. இப்படியே ஓட்டலாமா? விற்றவர், ‘இ.எஸ்.பி.யும் இருக்கிறது’ என்றாரே, அது உண்மையா? என் மனைவியும் இந்தக் காரைத்தான் ஓட்டுகிறார்.

பதில்: பிடுங்கிய பியூசை இன்றைக்கே திரும்பப் போடச் சொல்லுங்கள். அதுவரை காரை ஓட்ட வேண்டாம்.

அன்றைக்கு உங்கள் காரில் எதுவும் உடையவில்லை. காலுக்கடியில் நீங்கள் உணர்ந்தது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி வேலை செய்த துடிப்பு. நீங்கள் காலை எடுத்ததும் அதன் வேலையும் நின்றுபோனது, கார் சுவரை நோக்கிப் போனது. உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் பியூசைப் பிடுங்கியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாசி பிடித்த குளத்துப் படியில் இறங்கியிருப்பீர்கள். கால் வழுக்கத் தொடங்கியதும் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, மறுபடி ஊன்றி, மறுபடி தளர்த்தித்தான் சமாளிப்போம். முழு எடையையும் போட்டு அழுத்தினால் சறுக்கிக்கொண்டே போவோம். டயரும் அப்படித்தான். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. சக்கரம் உருளும் வரையில் அந்த இடம் சாலையைப் பற்றிக்கொள்ளும், ஸ்டீயரிங் சொல்வதையும் கேட்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் போன திசையிலேயே போகும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தின் பற்களை, புதிய கார்களில் காந்த வளையத்தின் துண்டுகளை, அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரத்தின் எண்ணிக்கை மற்றவற்றைவிடத் திடீரென்று சரிந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். உடனே பானட்டுக்குக் கீழே உள்ள வால்வுப் பெட்டி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தளர்த்தும், பிடிக்கும், தளர்த்தும், பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கும். மனிதக் காலால் முடியாத வேகம் அது. பிரேக் ஆயில் அப்படி முன்னும் பின்னும் அடிபடுவதைத்தான் உங்கள் பாதம் துடிப்பாக உணர்ந்தது.

ஆகவே, அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: கால் எடுக்கும் நினைப்பே இல்லாமல் முழு பலத்தோடு மிதித்துப் பிடித்திருங்கள், கண்ணை இடைவெளியின் மேல் வைத்து அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் ‘விட்டு விட்டு மிதி’ என்று சொல்லிக்கொடுத்தது ஏ.பி.எஸ். இல்லாத வண்டிகளுக்கு. உங்கள் காரில் அதைச் செய்தால் கருவியின் வேலையைக் கெடுக்கிறீர்கள்.

இனி பியூஸ் விவகாரம். ‘ஏ.பி.எஸ். போனால் என்ன, பழைய கார்களில் அது இல்லையே, அவை ஓடவில்லையா?’ என்று உங்கள் மெக்கானிக் கேட்பார். பழைய கார்களில் பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவைக்க ஒரு தனி வால்வு இருந்தது. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. லேசான சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் பம்பரம்போல் சுழலும். உங்கள் கார் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்தப் பழைய வால்வை எடுத்துவிட்டு, அதன் வேலையையும் ஏ.பி.எஸ். பெட்டியிடமே கொடுத்துவிட்டார்கள். பியூசைப் பிடுங்கியதில் இரண்டும் சேர்ந்து போயின. உங்கள் கார் இப்போது பழைய காரைவிட மோசமான நிலையில், அதுவும் எடை இன்னும் அதிகமாக முன்னால் சாயும் இறக்கத்தில் ஓடப் போகிறது. மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிவது அதைத்தான் சொல்கிறது. மஞ்சள் மட்டும் எரிந்தால் இடைவெளி விட்டு மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிப் போகலாம். இரண்டும் எரிந்தால் ஓட்டக் கூடாது.

ஆனால் எல்லாத் துடிப்பும் ஏ.பி.எஸ்.ஸின் சரியான வேலை அல்ல. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பதிலைப் படித்துவிட்டு ஒருவர் உண்மையான கோளாறை அலட்சியம் செய்துவிடக் கூடாது. உங்கள் துடிப்பு ஈரச்சாலையில், ஓங்கி மிதித்தபோது வந்தது. அது முறையானது. காய்ந்த சாலையில், 70, 80 கி.மீ. வேகத்தில் மெதுவாக மிதித்தாலே மிதியும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து நடுங்கினால், பிரேக் டிஸ்க் சமமாகத் தேயவில்லை என்று பொருள். அதற்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் தொடர்பில்லை. மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. சிக்னலில் நிறுத்தப் போகிறீர்கள், வேகம் 10 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டது, சாலை காய்ந்திருக்கிறது, லேசாகத்தான் மிதிக்கிறீர்கள். அப்போது ‘கறகற’ என்று சத்தம் வந்து மிதி துடிக்கிறது, கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நகர்கிறது. இது பொய்த் துடிப்பு. பல் வளையம் துருவேறி விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் உள்ள இடத்தில் எண்ணிக்கை தவறுவதால், சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கருவி ஏமாந்து பிரேக்கைத் தளர்த்துகிறது. சென்சார் முனையில் இரும்புத் தூள் அப்பியிருந்தாலும் இப்படி ஆகும். காந்த வளையம் வீல் பேரிங்கின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் கார்களில், மலிவான போலி பேரிங்கைப் போட்டாலும், சரியான பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டாலும் சென்சாரின் கணக்கு கெட்டுவிடும், பெரும்பாலும் விளக்கும் எரியும். அண்மையில் பேரிங் மாற்றிய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் முதலில் அங்கே பாருங்கள். இந்த மூன்றாவது வகையிலும் மருந்து பியூசைப் பிடுங்குவது அல்ல. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பியூசைப் போட்ட பிறகும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். எந்தச் சக்கரம், என்ன குறை என்பதை எழுதி வாங்குங்கள். ‘ஏ.பி.எஸ். பெட்டியே போய்விட்டது’ என்று எடுத்த எடுப்பில் பெரிய தொகை சொல்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலும் சென்சார், அதன் ஒயர், இல்லையென்றால் வளையம். எலி கடித்த ஒயர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெட்டி போயிருந்தவை சிலவே.

கன்சல்டிங்கில் நடப்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எரியும் எச்சரிக்கை விளக்கோடு காரை விற்க முடியாது. அதனால் விளக்கைக் கொன்றுவிடுகிறார்கள். மீட்டர் பெட்டியைத் திறந்து ஏ.பி.எஸ். விளக்கைக் கழற்றியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் ஒயரை வேறொரு விளக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்படி செய்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பம் அந்தக் காரில் ஏறப் போகிறது என்று தெரிந்தே செய்த வேலை அது. இன்னும் எளிய வழி, நீங்கள் காரைப் பார்க்க வருவதற்கு முன் ஸ்கேனரால் குறையை அழித்துவிடுவது. கோளாறு அப்படியே இருக்கும், கார் சற்று வேகமெடுத்ததும் விளக்கு திரும்ப எரியும். தெருமுனை வரை ஓட்டிக் காட்டிவிட்டுப் பேரம் பேசுவது இதற்காகத்தான்.

பழைய கார் வாங்கும் எவரும் சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், விளக்குகளை எண்ணுங்கள். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், எரிந்துகொண்டே இருப்பதைவிட அது மோசம். பிறகு 10 கி.மீ. தூரமாவது ஓட்டிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு நம் பக்கம் வந்திருக்கின்றன. அவற்றின் சென்சார் இணைப்புகளில் பச்சைத் துரு ஏறி, விளக்கு வந்து வந்து போகும். ஓரிடத்தில் சரிசெய்தால் அடுத்த மாதம் வேறோரிடத்தில் வரும்.

இவற்றையெல்லாம் பிடிக்க வேண்டியது அரசு. 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ்.ஸைக் கட்டாயமாக்கினார்கள். நல்லது. ஆனால் சொந்தக் காருக்குப் பதிவான நாளிலிருந்து 15 ஆண்டு வரை யாரும் பிரேக்கைச் சோதிப்பதில்லை. ஆண்டுதோறும் கேட்பது புகைச் சான்று. பியூஸ் பிடுங்கிய கார் அந்தச் சான்றை எந்தத் தடையும் இல்லாமல் வாங்கிவிடும். உரிமத் தேர்வில் அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என விதி இருக்கிறது. நான் பார்த்த வரையில் எந்த மைதானத்திலும் ஓங்கி மிதிக்கச் சொல்லிப் பார்த்ததில்லை. கருவியைக் கட்டாயமாக்கியவர்கள் அதை மிதிக்கக் கற்றுக்கொடுப்பதைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் கார் சுவரில் உரசியதற்கு அதுவும் காரணம்.

இ.எஸ்.பி. என்று விற்றவர் சொன்னது, கார் வழுக்கித் திசை மாறாமல் காக்கும் வேறு கருவி. இ.எஸ்.சி. என்றும் சொல்வார்கள். ஏ.பி.எஸ். நீங்கள் பிரேக் பிடிக்கும்போதுதான் வேலை செய்யும். இது நீங்கள் பிரேக்கைத் தொடாதபோதும் செய்யும். ஸ்டீயரிங்கில் உள்ள சென்சார், நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள் என்று சொல்கிறது. காரின் நடுவில் உள்ள சென்சார், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் கருவி தானாகவே ஒரு சக்கரத்தைப் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்கினால் உள்பக்கப் பின்சக்கரத்தை, பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை. எஞ்சின் விசையையும் குறைத்துவிடும். 1995-இல் மெர்சிடிஸின் பெரிய காரில் வந்தது. 1997-இல் அதே நிறுவனத்தின் சிறிய ஏ-கிளாஸ் ஸ்வீடனில் ஒரு சோதனை ஓட்டத்தில் திடீரென்று வளைத்தபோது கவிழ்ந்தது. அதன்பின் அந்தச் சிறிய காரிலும் இதைப் பொருத்தினார்கள். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். இந்தியாவில் உங்கள் கார் தயாரான 2019-இல் கட்டாயமில்லை. ஆகவே ‘ஏ.பி.எஸ். இருந்தால் அதுவும் இருக்கும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கோடு, பின்னால் இரண்டு நெளிகோடுகள் போட்ட கார் படமும் எரிந்து அணைகிறதா பாருங்கள். அந்தப் படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் காரில் அது இல்லை. காரோடு வந்த கையேட்டில் உங்கள் வகையின் பெயருக்கு நேரே பார்த்து உறுதி செய்யுங்கள்.

இருந்தாலும் இல்லாவிட்டாலும் டயர்தான் அடிப்படை. மொட்டை டயரில் எந்தக் கருவிக்கும் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. டயரின் பட்டன் 1.6 மி.மீ. ஆழம் வரை தேயச் சட்டம் அனுமதிக்கிறது. மலையில் மழையில் ஓடும் காருக்கு 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும், அளவு மாறினால் சென்சார் கணக்கும் குழம்பும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 230 டிகிரி தாண்டிக் கொதிக்க வேண்டியது 155 டிகிரியிலேயே கொதிக்கும் அளவுக்குக் கெட்டுப்போகலாம், வால்பாறையின் 40 வளைவுகளை இறங்கும்போது மிதி பஞ்சாகிவிடும். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

நல்ல டயரோடு, ஈரமான சமதளச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறக்குறைய 30 மீட்டர் வேண்டும். 80 கி.மீ. என்றால் 50 மீட்டருக்கு மேல். இறக்கத்தில் இன்னும் அதிகம். இந்தக் கணக்கை ஏ.பி.எஸ். மாற்றிவிடாது.

உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். பியூசைப் போட்டு, விளக்குகள் அணைந்த பிறகு, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஆளில்லாத மைதானத்துக்கோ காலி மனைப்பிரிவுச் சாலைக்கோ இருவரும் போங்கள். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் போட்டு, 40 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கார் நிற்கும் வரை காலை எடுக்காமல் இருங்கள். மிதி துடிக்கும், சத்தம் வரும். மூன்று முறை செய்யுங்கள். நான்காவது முறை மிதிக்கும்போதே ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள், கார் திரும்பும். முதலில் ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்காரட்டும். அந்தத் துடிப்பை அவர் கால் இன்னும் அறியவில்லை.