இருப்பதை வைத்தே விளையாட வைப்போம்: சிறு குழந்தைகள் பற்றிய கேள்வி பதில்

பாலர் வகுப்பு ஆசிரியராகப் பல வருடங்களாகச் சின்னக் குழந்தைகளோடு இருக்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அதிகச் செலவில்லாமல் எப்படி விளையாட வைப்பது என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பையனுக்கு ஒன்றரை வயசு. கூடை நிறைய பொம்மை இருக்கு. எல்லாத்தையும் தரையில கொட்டிட்டு, அஞ்சு நிமிஷத்துல வந்து என் காலைக் கட்டிக்கிறான். இன்னும் என்னதான் வாங்கிக் கொடுக்கிறது?

ஒன்றும் வாங்காதீர்கள். இருப்பதில் முக்கால்வாசியை அவன் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் 36 பேரை ஒருமுறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள். ஒரே பொம்மையை வைத்து வெவ்வேறு விதமாகவும் விளையாடினார்கள்.

உங்கள் பையன் கொட்டுவது சேட்டை இல்லை. கூடையின் அடியில் என்ன கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேறு வழி கிடையாது. கொட்டிய பிறகு எதை எடுப்பது என்று புரியாமல் உங்களிடம் வருகிறான். தாழ்வான ஒரு பலகையில் நான்கைந்தை மட்டும் இடைவெளி விட்டு வையுங்கள். அடுக்க ஒன்று, உருட்ட ஒன்று, போட்டு எடுக்க ஒன்று, கட்டிப்பிடித்துக்கொள்ள ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை ஓரிரண்டை மட்டும் மாற்றுங்கள். உள்ளே போய்த் திரும்பி வரும் பொம்மைக்குப் புதுப் பொம்மையின் வரவேற்பு கிடைக்கும்.

எதை முதலில் எடுத்து வைப்பது என்றால், பட்டனை அழுத்தினால் பாடி ஆடுபவற்றைச் சொல்வேன். அவற்றில் பொம்மைதான் விளையாடுகிறது, குழந்தை பார்த்துக்கொண்டு இருக்கிறது.

கேள்வி: ஒன்பது மாதக் குழந்தை. உட்காருகிறாள், இன்னும் தவழவில்லை. இந்த வயசுக்கு என்ன கொடுக்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்த வயது இது. எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற குழந்தைக் கல்வியாளர் இந்த வயதுக்கென்றே ஒரு 'புதையல் கூடை'யை உருவாக்கினார். கவிழாத, தாழ்வான கூடை ஒன்றில் வீட்டுப் பொருட்களைப் போட்டுக் குழந்தையின் முன்னால் வைப்பது, அவ்வளவுதான். எவர்சில்வர் மூடி, மரக்கரண்டி, பெரிய வளையம், சுத்தமான பிரஷ், சொரசொரப்பான துணி, வழவழப்பான துணி என்று தொட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிய வேண்டும். பிளாஸ்டிக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், எதை வாயில் வைத்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும்.

நீங்கள் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். மூடியை எடுப்பாள், விளிம்பைக் கடிப்பாள், அதில் தெரியும் முகத்தை உற்றுப் பார்ப்பாள். தரையில் தட்டுவாள், சத்தம் கேட்டதும் நிறுத்துவாள். பிறகு தன் தொடை மேல் தட்டிப் பார்ப்பாள். அங்கே அந்தச் சத்தம் வராது. மறுபடி தரைக்குப் போவாள். அந்த நேரத்தில் "அடடே, டம் டம்மா!" என்று நாம் குறுக்கே புகுந்தால் அவள் கவனம் நம் முகத்துக்கு வந்துவிடும். பேசாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் இருங்கள்.

பாதுகாப்புக்கு ஒரு சோதனை. டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் மூன்று வயது வரை கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஊதாத பலூன், பிய்ந்த பலூன் துண்டு, சின்னக் காந்தம், நீளமான கயிறு எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும்விட, வட்டமான பட்டன் பேட்டரி. விழுங்கி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பழைய ரிமோட்டை விளையாடக் கொடுக்கும் வீடுகள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்தியைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முழங்கால் வலி, அவள் பின்னால் ஓட முடியவில்லை. உட்கார்ந்த இடத்தில் என்ன செய்யலாம்?

ஐயா, நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், பேத்தி டாக்டராகட்டும். கிழிந்த துணி கட்டுப் போட, ஒரு கரண்டி காய்ச்சல் பார்க்க. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பாள். நிஜமாக வலிக்கும் இடத்தையே சொல்லுங்கள், பதமாகத் தடவிவிடுவாள். கடை விளையாட்டிலும் வாடிக்கையாளர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

துவைத்த காலுறைகளைக் குவித்து ஜோடி சேர்க்கச் சொல்லலாம். ஐந்து பொருளைப் பரப்பி, துணியால் மூடி, ஒன்றை ஒளித்துவிட்டு எது காணோம் என்று கேட்கலாம். கதை சொல்லும்போது நாயகிக்கு அவள் பெயரையே வையுங்கள். நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன செஞ்சா?" என்று அவளிடமே விட்டுவிட்டால் மீதிக் கதையை அவள் பார்த்துக்கொள்வாள்.

கேள்வி: மழை நாளில் வீட்டுக்குள் சோபா மேலேயே குதிக்கிறான். நாலு வயசு. அடக்கவே முடியலை.

அடக்க வேண்டாம், குதிக்க ஒரு இடம் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒன்று முதல் நான்கு வயது வரை நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறது. மூன்று, நான்கு வயதில் அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். தரையில் ஒட்டி எடுக்கும் காகித டேப்பால் கோடுகள் போடுங்கள். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடப்பது, வளைவில் தவழ்வது, கட்டத்துக்குக் கட்டம் தாண்டுவது. தலையணைகள் தீவு, தரை கடல். பாட்டு நின்றால் சிலை. நடுநடுவே கனமான வேலை கொடுங்கள்: துணி நிரம்பிய கூடையைத் தள்ளிக்கொண்டு போவது, தண்ணீர் பாட்டில்களைச் சமையலறைக்குத் தூக்கிப் போவது. தள்ளுதலும் தூக்குதலும் துள்ளும் பிள்ளைகளை நன்றாக நிதானப்படுத்துவதை வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

கேள்வி: போனைக் கொடுத்தால்தான் சமைக்க முடியுது. தப்புன்னு தெரியும். இரண்டரை வயசு.

குற்ற உணர்ச்சி வேண்டாம் தோழி, ஒற்றை ஆளாகச் சமாளிப்பவர்களுக்கு அந்த நேரம் எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியும். அதே வழிகாட்டுதலில், ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறையக் குறைய நல்லது என்றிருக்கிறது.

சமையலறையில் அடித்தட்டு ஒன்றை அவளுக்கே ஒதுக்குங்கள். உடையாத கிண்ணம், மூடி, வடிகட்டி, அளவுக் கரண்டி. அடுப்பிலிருந்து தள்ளி, உங்கள் கண்பார்வையில். சமைக்கத் தொடங்கும் முன் பத்து நிமிடம் தரையில் அவளோடு உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். வயிறு நிறைந்த குழந்தை சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுவது போல் அவளும் உங்களை விடுவாள். முதல் வாரம் போனை முழுக்க நிறுத்தாமல் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: தனியா விளையாடவே மாட்டேங்கிறான். நாள் முழுக்க நான்தான் கூட இருக்கணும்.

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. குழந்தைக்குப் பொழுதுபோக்கு நடத்திக் காட்டுவது நம் வேலை இல்லை. ஆரம்பித்து வைப்பதும் அருகில் இருப்பதும்தான் நம் வேலை. ஒரு அட்டைப்பெட்டியின் மேல் பக்கத்தில் நீளமாக ஒரு வெட்டுப் போடுங்கள். பக்கவாட்டில் அவன் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு. ஒரு அட்டைத் துண்டை வெட்டு வழியாகப் போட்டு, கதவு வழியாக எடுத்துக் காட்டுங்கள், ஒருமுறை மட்டும். மீதி அட்டைகளை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் துணி மடிக்கத் தொடங்குங்கள், அதே அறையில். கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள், எழுந்து போகாதீர்கள். அவன் மூழ்கியிருக்கும்போது பாராட்டக்கூட வேண்டாம். தொடக்கத்தில் மூன்று நிமிடம்கூட நல்ல நேரம்தான். தினமும் ஒரே நேரத்தில் செய்தால் தானாக நீளும்.

கேள்வி: விலை உயர்ந்த 'மூளை வளர்ச்சி' பொம்மைகள் அவசியமா?

அவசியமே இல்லை. அமெரிக்காவில் தேசியப் பொம்மை அரங்கம் என்று ஒன்று இருக்கிறது, சிறந்த பொம்மைகளுக்கு அங்கே இடம் கொடுப்பார்கள். அட்டைப்பெட்டி 2005-லும் வெறும் குச்சி 2008-லும் அதில் இடம்பிடித்தன.

கேள்வி: கடையில் விற்கும் களிமண் காய்ந்துபோகிறது. வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீரை முக்கால் கப் முதலில் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் மாவு, விரிசல் விட்டால் சில துளி தண்ணீர். நிறம் வேண்டுமென்றால் தண்ணீரிலேயே கலந்துவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் வரும். பூஞ்சை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். உப்பு அதிகம், மாவும் பச்சை மாவு, அதனால் தின்ன விடாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாமல் வையுங்கள், இவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: தண்ணீர் விளையாட்டு?

எல்லா வயதுக்கும் நல்லது. ஊற்ற, வடிகட்ட, மிதக்குமா மூழ்குமா என்று பார்க்க. ஆனால் சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும். ஒரு நொடி கூட அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: ஐந்து வயது அக்கா கோபுரம் கட்டினால் இரண்டு வயதுத் தம்பி வந்து தள்ளிவிடுகிறான். தினமும் அழுகை.

இரண்டு வயதுக்குச் சேர்ந்து விளையாடத் தெரியாது, பக்கத்தில் இருந்து விளையாடத்தான் தெரியும். அக்காவுக்கு மேசை மேல், தம்பிக்குத் தரையில் என்று இடத்தைப் பிரியுங்கள். தம்பிக்கென்று நீங்களே ஒரு கோபுரம் கட்டி, "இது தள்ள" என்று கொடுங்கள். "தம்பி சின்னவன், விட்டுக்கொடு" என்று அக்காவிடம் தினமும் சொல்லாதீர்கள். அவள் கட்டியது அவளுக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது சமாளிக்க முடியலை. கையில் என்ன எடுத்துப் போகலாம்? மூணு வயசு.

ஒரு சின்னப் பை: காகித டேப், சில கிரயான், மடித்த வெள்ளைத்தாள், ஜிப்பும் கொக்கியும் உள்ள பழைய பர்ஸ், ஒரு கைக்குட்டை. டேப்பைக் கிழித்து நாற்காலியில் ஒட்டி உரிப்பதிலேயே நேரம் போய்விடும். பர்ஸுக்குள் இன்னும் சின்ன உறை ஒன்றை வையுங்கள், திறந்து பார்க்க. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்; ஒன்று சலித்த பிறகு அடுத்தது. இந்தப் பை வீட்டில் திறக்கப்படவே கூடாது.