கம்பெனி கொடுக்கப் போய்...

கேள்வி: வயது 39. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் ஒரு சொட்டு தொட மாட்டேன், தனியாகக் கடைக்குப் போனதே இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் மட்டும்தான். முன்பு ஒரு கட்டிங்கோடு எழுந்துவிடுவேன், இப்போது முழு குவார்ட்டர். எல்லாம் உன் கூட்டாளிகளால்தான் என்கிறாள் மனைவி. யாரும் என் வாயில் ஊற்றவில்லையே என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் மனைவிக்குக் கொஞ்சம் கூடுதல் மார்க். வாயில் ஊற்றவில்லை, சரி, தம்ளரில் ஊற்றுகிறார்கள் அல்லவா? நாலு பேரில் யார் வேகமாகக் காலி செய்கிறாரோ அவர் வேகத்துக்குத்தான் மற்ற மூவரும் ஓடுகிறீர்கள். போன வாரம் அவர் கொடுத்தார், இந்த வாரம் நான் என்று அது கிட்டத்தட்ட மொய் மாதிரி, திருப்பிச் செய்யாமல் எழுந்து போக மனசு வராது.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஓர் ஊர், இதய நோய் ஆய்வுக்காக அங்குள்ளவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அதில் 12,000-க்கும் மேற்பட்டவர்களின் 1971 முதல் 2003 வரையிலான குடிப்பழக்கத்தை, யாருக்கு யார் நண்பர், யார் உறவு என்பதோடு சேர்த்துப் பார்த்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. நெருங்கிய ஒருவர் அதிகம் குடித்தால் நாமும் அதிகம் குடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல், நண்பரின் நண்பர் என்றால்கூட 36. பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பது அப்படித் தொற்றவில்லை. குடிக்கிறவர்கள் தேடிப்பிடித்துச் சேர்ந்துகொள்வதும் உண்டு என்பதால் அத்தனை பழியையும் நட்பின் தலையில் கட்ட முடியாது. ஆனால் இதைத் திருப்பியும் பாருங்கள்: உங்களுக்குக் கம்பெனி கொடுக்கப் போய் ஒருவர் கட்டிங்கிலிருந்து குவார்ட்டருக்கு வந்திருப்பார், அவர் வீட்டில் அடிபடுவது உங்கள் பெயர்தான்.

அப்புறம் அந்தக் குவார்ட்டர். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே முறை உட்கார்ந்து அவ்வளவு குடித்தாலே அளவு மீறிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நண்பர்களை விடச் சொல்ல மாட்டேன், 39 வயதில் புது நண்பர்களுக்கு எங்கே போவீர்கள்? பங்கு போடுவதிலிருந்து மட்டும் வெளியே வாருங்கள். சாப்பிட்டுவிட்டுத் தாமதமாகப் போங்கள், உங்களுக்கு வேண்டியதை நீங்களே வாங்குங்கள், அது சோடாவாக இருந்தாலும். கார்த்திகையில் மாலை போட்டவரிடம் எந்தக் கூட்டமாவது 'ஒரே ஒரு ரவுண்டு மாப்ள' என்று கெஞ்சியிருக்கிறதா? சாமி என்று கூப்பிட்டு சைட் டிஷ்ஷைக்கூடத் தள்ளி வைப்பார்கள். ஆக 'வேண்டாம்' என்பதை மதிக்க அவர்களுக்குத் தெரியும், நீங்கள் அதைத் தம்ளர் நிரம்பிய பிறகு இழுத்து இழுத்துச் சொல்லாமல் வெள்ளிக்கிழமையே ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். அவரும் இதையே சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: கணவர் முன்பு நண்பர்களோடு மட்டும் குடித்தார். இப்போது தினமும், தனியாகவும். காலையில் கை நடுங்குகிறது. அந்த நண்பர்களை வெட்டிவிட்டால் நின்றுவிடுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை அம்மா, இது நண்பர்களைத் தாண்டிவிட்டது. கை நடுங்குகிறவர் வீட்டில் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் சபதம் எதுவும் வாங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். வர மறுத்தால் முதலில் நீங்கள் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.