ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் லெவல்: கேள்வி பதில்

கல்லடி: அண்ணன், 5.1 செட் (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப் வூஃபர்) புதுசா பூட்டியிரிக்கன். லெவலைக் காதால கேட்டு வெச்சாப் போதாதா, மீற்றர் வேணுமா?

சத்தம் அளக்கும் மீற்றர் வேணும். ஒரே சத்தம் முன்னாலிருந்து வந்தால் ஒரு மாதிரியும் பின்னாலிருந்து வந்தால் வேறு மாதிரியும் காதுக்குப் படும். இரண்டு டெசிபல் வித்தியாசத்தைக் காதால் நம்பிப் பிடிக்க ஏலாது. மீற்றரை 'சி' வெயிற்றிங் (அடித்தொனியையும் ஏறக்குறைய முழுதாகக் கணக்கெடுக்கும் முறை), 'ஸ்லோ' (எண் மெதுவாக மாறும்) என்று வையுங்கள். வழமையாக இருந்து பார்க்கும் இடத்தில், காது உயரத்தில், மைக் மேலே பார்த்தபடி கமரா ஸ்டாண்டில் பூட்டுங்கள். கையில் பிடித்தால் உடம்பில் பட்டுத் திரும்பும் சத்தமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பிறகு ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) மெனுவில் டெஸ்ட் டோனைப் போடுங்கள். மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் ஸ்பீக்கர் ஸ்பீக்கராக வரும். வொல்யூம் 0 டெசிபலில் நிற்க (டெனான், மரான்ஸில் 0 முதல் 98 வரை காட்டும் அளவென்றால் அது 80) ஒவ்வொன்றையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாம் 72இல் ஒத்து நின்றாலும் குறையில்லை. ஒன்றுக்கொன்று 1 டெசிபலுக்குள் நிற்க வேண்டும், அதுதான் காரியம்.

காத்தான்குடி: ஃபோன் ஆப் ஒண்டு போட்டு அளந்தாச் சரிவருமா?

ஐந்து ஸ்பீக்கருக்கும் சரிவரும். மைக்கில் பிழை இருந்தாலும் ஐந்துக்கும் அதே பிழைதான், ஒப்பிடுவதற்குப் போதும். சப் வூஃபருக்கு (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) மட்டும் அதை நம்பவே வேண்டாம். ஃபோன் மைக் அடித்தொனியை வெட்டிவிடும். போதாக்குறைக்குப் பல ஆப்கள் 'ஏ' வெயிற்றிங்கில் திறக்கும், அது 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபல் அளவு குறைத்துக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துச் சப்பை ஏற்றினால் கூரைத் தகடெல்லாம் அதிரும்.

பொத்துவில்: ஃபேனை நிப்பாட்டத்தான் வேணுமா? கடல் இரைச்சலும் கேக்குது.

டோன் போடாமல் முதலில் அறையை அளந்து பாருங்கள். இரைச்சல் 65க்குக் கீழே என்றால் 75இல் வரும் பிழை அரை டெசிபலுக்கும் குறைவு, கடலை விட்டுவிடலாம். ஃபேனை நிப்பாட்டுங்கள். அதன் காற்று மைக்கில் பட்டால் அடித்தொனி மாதிரியே பதிவாகி, சப் அளவு பிழைத்துப்போகும்.

செங்கலடி: லெவல் எல்லாம் 75இல வெச்சும் சப் 'கும் கும்' எண்டு இரையுது. சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை. சோபா பின்சுவரோட ஒட்டி இரிக்கு.

உங்களுடையது லெவல் பிரச்சினை இல்லை, இடப் பிரச்சினை. 12 அடி அகல அறையில் 47 ஹேர்ட்ஸ் அளவில் சத்தம் இரண்டு சுவரிலும் மோதித் திரும்பி, இடையில் ஒரே நிலையில் தங்கிவிடும். சுவரோரம் அது கூடிக் கேட்கும், நடுவில் இல்லாமலே போகும். சீமெந்துச் சுவர் அடித்தொனியை விழுங்காது. பாயும் திரைச்சீலையும் மேல்தொனியைத்தான் அடக்கும், இதற்கு உதவாது. சோபாவை ஒன்றரை அடி, இரண்டடி முன்னுக்கு இழுங்கள். பிறகு சப்பைத் தூக்கிச் சோபாவில் நீங்கள் இருக்கும் இடத்திலேயே வைத்து, அடித்தொனி தொடர்ந்து ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சப் வைக்கக்கூடிய மூலைகளில் குனிந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவாக வருகிறதோ, சப்புக்கு அதுதான் இடம்.

அடுத்து, சப்பின் பின்னால் உள்ள கட்டொஃப் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட்டு, கிரொஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள தொனி சப்புக்குப் போகும் என்ற எல்லை) ரிசீவரில் 80 ஹேர்ட்ஸ் வையுங்கள். இரண்டிலும் வெட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். சப்பின் வொல்யூம் குமிழ் பாதியில் நிற்கட்டும். ரிசீவரில் சப் லெவல் −12இல் போய் முட்டினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், குமிழைக் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள். சப் டோனுக்கு மீற்றர் ஆடும், நடு அளவை எடுங்கள். 'சி' வெயிற்றிங்கும் 31.5 ஹேர்ட்ஸில் 3 டெசிபல் குறைத்துத்தான் காட்டும், அதனால் 73 வந்தாலே போதும்.

ஏறாவூர்: ஓட்டோ கலிப்ரேஷன் (மைக்க வெச்சு ரிசீவரே அளக்கிறது) சப் 18 அடி தூரத்தில எண்டு காட்டுது. அளந்தா 9 அடிதான். திருத்தவா?

வேண்டாம். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது தூரமாகக் காட்டுகிறது.

கல்முனை: சேர், வசனம் கேக்குதில்ல. சண்டை வந்தா வீடே அதிருது.

சென்டர் ஸ்பீக்கர் டிவி அலமாரிக்குள் உள்ளே தள்ளி இருக்கிறதா? தட்டின் முன் விளிம்புக்குக் கொண்டுவந்து, அடியில் ரப்பர் துண்டு வைத்துக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். அனேக வீடுகளில் பாதிக் குறை அங்கேயே தீரும். மற்றவற்றோடு லெவலைச் சமப்படுத்திய பிறகும் போதாவிட்டால் சென்டரை 2 டெசிபல் கூட்டலாம், அதற்கு மேல் கூட்டினால் குரல் தனியே பிரிந்து நிற்கும். பிள்ளைகள் படுத்த பிறகு குறைந்த சத்தத்தில் பார்ப்பதென்றால் ரிசீவரில் டைனமிக் ரேஞ்ச் கொம்ப்ரெஷனை (பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வசதி) ஓன் பண்ணுங்கள்.

வாழைச்சேனை: ஒவ்வொண்டா அளந்தா எல்லாம் சரி. படம் போட்டா முன்பக்கம் வெறிச்செண்டு கிடக்கு, குரல் எங்கிருந்து வருது எண்டே தெரியல்ல.

ஒரு ஸ்பீக்கரில் வயர் மாறிக் கிடக்கிறது. தனித்தனியாக அளக்கும்போது மீற்றருக்கு அது தெரியாது. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாக ஓடும்போதுதான் ஒன்றின் அடித்தொனியை மற்றது அழிக்கும். ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொடுங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ். வூஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கோன்) வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் பிளஸ், மைனஸை மாற்றிப் பூட்டுங்கள்.

அக்கரைப்பற்று: பின் ஸ்பீக்கர் ஒண்டு 4 அடியில, மற்றது விறாந்தைப் பக்கம் 8 அடியில. என்னண்டு சமப்படுத்துற?

முதலில் தூரத்தை டேப்பால் அளந்து மெனுவில் போடுங்கள். ஒரு அடிக்கு 0.9 மில்லிசெக்கன் அளவு தாமதம் என்று ரிசீவரே கணக்குப் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகுதான் லெவல். தூரம் இரட்டித்தால் வெட்டவெளியில் 6 டெசிபல் குறையும், அறைக்குள் அந்த அளவு குறையாது. ஆகவே கணக்கால் வைக்காமல் மீற்றரால் வையுங்கள். படத்துக்குப் படம் பின் ஸ்பீக்கரைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம், அதற்கு மாஸ்டர் வொல்யூம் இருக்கிறது. முடிந்ததும் லெவல், தூரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக்குள் ஒட்டுங்கள். ரிசீவர் ரீசெட் ஆனால் அத்தனையும் அழிந்துவிடும்.