விண்வெளிப் பயண ஒத்திகைக்குப் பிள்ளையைப் பள்ளிச் சுற்றுலாவில் அனுப்பினால் பயன் உண்டா, வெறும் விளையாட்டுத்தானா?

விளையாட்டுத்தான். தாராளமாக அனுப்புங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கச்சியின் மகன் சேலஞ்சர் கற்றல் நிலையம் ஒன்றுக்குப் போய் வந்தவன். 1986 ஜனவரி 28இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவிய 73 விநாடிகளில் சிதறி 7 பேர் இறந்தார்களே, விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் புறப்பட்ட கிறிஸ்டா மெக்காலிஃப் டீச்சரும் அதில் ஒருவர். அந்த 7 பேரின் குடும்பத்தார் தொடங்கியவைதான் இந்த நிலையங்கள். வகுப்பில் பாதிப்பேர் கட்டுப்பாட்டு அறையில், பாதிப்பேர் விண்கலம்போல் அமைத்த அறையில். நடுவில் இடம் மாறுவார்கள்.

போன ஓகஸ்ட் லீவுக்குத் திருகோணமலை வந்தவன், உவர்மலையில் எங்கள் வீட்டையே கலமாக்கிவிட்டான். படுக்கையறை விண்கலம், விறாந்தை கட்டுப்பாட்டு நிலையம், இடையில் வாட்ஸ்அப் கோல். உள்ளே இருப்பவர்களிடம் யோகட் கப், ஸ்ட்ரோ, டேப். அவற்றால் செய்யவேண்டியதன் படம் வெளியே என் மகளிடம். வாயால் மட்டும்தான் சொல்லலாம்.

"அதை இதுக்குள்ள வை."

"எதை? எதுக்குள்ள?"

பத்து நிமிடம் இப்படியே போனது. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. இடையில் கரண்டும் போக, உள்ளே ஃபேன் நின்று, ஒட்சிசன் முடிந்தது என்று ஒரே கூச்சல். அப்புறம்தான் அவளுக்குப் பிடிபட்டது. "கப்பைக் கவிழ்த்து வை. அடியில பெருவிரல் அகலத்துக்கு ஓட்டை போடு. போட்டிட்டுச் சொல்லு."

நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். 1970இல் நிலவுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 13 விண்கலம் பழுதானபோது கரியமிலவாயுவை உறிஞ்சும் சதுரப் பெட்டிகளை வட்டத் துளைக்குப் பொருத்தவேண்டி வந்தது. பிளாஸ்டிக் பை, மட்டை, டேப் கொண்டு எப்படிச் செய்வது என்று தரையில் இருந்தவர்கள் வானொலியில் வாயாலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ரொக்கெட்டைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்கும் பழக்கம் இப்படி வாயைத் திறந்து தடுமாறினால்தான் வரும்.

ஒன்று மட்டும் பாருங்கள்: வாய் பேசுகிற நாலு பிள்ளைகளே எல்லாவற்றையும் செய்துவிடாமல், ஒவ்வொருவருக்கும் தனி வேலை கொடுக்கிறார்களா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

இப்போதெல்லாம் என் மகள் சந்தைக்குப் போன தகப்பனுக்கு ஃபோனில் சாமான் சொல்லிவிட்டு, "சரி அப்பா, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்கிறாள்.