வாடகைக்கு விட முதல் வீடு: பெங்களூரா, ஐதராபாத்தா?

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு, 60 லட்சத்தில் வெளிமாநிலத்தில் வாடகைக்கு விட முதல் வீடு வாங்க பெங்களூரா ஐதராபாத்தா என்று கேட்டிருந்தீர்கள். நான் பெங்களூருதான் சொல்வேன். காலையில் கிளம்பினால் ராத்திரி சேலம் திரும்பிவிடலாம். குடியிருந்தவர் காலி செய்த அன்று ஒழுகும் குழாயை நாமே போய்ப் பார்ப்பது வேறு, புரோக்கர் வாட்சப்பில் அனுப்பும் படம் வேறு (பட்டவன் சொல்கிறேன்).

வாடகை 20,000 என்றால் வருடம் 2.4 லட்சம், 4 சதவீதம். மெயின்டனன்ஸ் மாதம் 3,000, ஒரு மாதம் காலி என்று கழித்தால் 1.84 லட்சம்; 3 சதவீதம்தான். வாடகையே இஎம்ஐ கட்டிவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

அப்புறம் கத்தா, அதாவது சொத்துவரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் சொத்துப் பதிவு. அனுமதியில் குறை உள்ள சொத்துக்குத் தருவது பி-கத்தா; அந்த வீடு மலிவாக வரும். பெரும்பாலான வங்கிகள் கடன் தராது, விற்கும்போதும் இழுக்கும். எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கும் ஏ-கத்தா வீடு மட்டும் பாருங்கள். பல ஆவணங்கள் கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த வக்கீலை நீங்களே பிடியுங்கள், பில்டர் காட்டும் ஆள் வேண்டாம்.